மல்லிகை யாருக்காக மணக்கிறது

மல்லிகை இருட்டில் மலர்கிற பூ. அதன் வெண்மையும் அடர்ந்த மணமும் இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை அழைக்க உருவானவை. சுமங்கலி, கைம்பெண் என்ற பேதமெல்லாம் அந்தப் பரிணாமக் கதையில் எங்கும் வருவதில்லை. தோட்டத்துக் குண்டுமல்லி விதை வைப்பதும் அரிது. பதியன் போட்டே பெருக்குகிறோம், மொட்டாகவே பறித்துவிடுகிறோம்.

அழைப்புக்கு வராமல் தின்ன வரும் அந்துப்பூச்சியும் உண்டு. அதன் புழு மொட்டைத் துளைத்து உள்ளிதழ்களைத் தின்னும். மொட்டு ஊதா நிறமாகிவிடும். மருந்தடிப்பது இதற்காகத்தான்.

என் அம்மா மதுரைப் பக்கம் பூப்பறிக்கப் போனவர். விடியுமுன்னே செடிக்குச் செடி குனிந்து, மருந்து காயாத மொட்டுகளை வெறுங்கையால் கிள்ளுவார். கூலி கிலோக் கணக்கு. ஊதா மொட்டைக் கழித்துப் போட்டால் அதற்குக் காசு கிடையாது. விரலிடுக்கில் தோல் உரிந்துகொண்டே இருக்கும்.

அப்பா இறந்த பிறகும் பத்து வருஷம் பறித்தார். அந்தப் பத்து வருஷமும் ஒரு முழம்கூட அவர் தலையில் ஏறவில்லை, ஊர் விடவில்லை. 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அம்மா பறித்த தோட்டத்துக்குக் கையுறை வரவேயில்லை.

விஷத்தைத் தொடலாம், பூவைச் சூடக் கூடாது என்று அந்தக் கைகளுக்குச் சட்டம் போட்டது செடியில்லை, நாம்.