வில்லையின் முனகல்

மாடு வாங்கச் செல்பவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுழி பார்ப்பான், நாலடி நடத்தியும் பார்ப்பான். பிறர் பாவித்த கமரா வில்லையை வாங்கச் செல்பவனோ, கண்ணாடியிற் கீறல் உண்டா, பூஞ்சணம் படர்ந்துள்ளதா என்று வெளிச்சத்திற் பிடித்துப் பார்ப்பதோடு அமைந்துவிடுகிறான். காதைக் கொடுத்துக் கேட்பவர் அரியர். வீட்டுக்குக் கொண்டுவந்து கமராவிற் பூட்டி முதற் படத்தை எடுக்க முனையும்போதுதான் 'கிர்ர்' என்று ஓர் ஓசை எழுந்து, வீட்டார் அனைவரையும் திரும்பிப் பார்க்கச் செய்கிறது.

சென்ற ஆண்டு கொழும்பில் ஒரு கடையிலே நான் வாங்கிய 50 மில்லிமீற்றர் வில்லையும் இவ்வினத்ததே. கடைக்காரர், "மாஸ்டர், இது பழுதில்லை, இதின்ர சுபாவம்" என்றார். அவர் கூறியது உண்மையா, வியாபாரமா என்பதை அறியச் சில நாட்கள் செலவிட்டேன்.

தாமே குவியம் தேடும் வில்லைகள் எல்லாம் ஒரே விதமாய் இயங்குவன அல்ல. 1985இல் மினோல்டா நிறுவனத்தார் வெளியிட்ட 7000 என்னும் கமராவில், மோட்டர் கமராவின் உடலினுள்ளே இருந்தது. அது ஒரு சிறு தண்டைச் சுழற்ற, அச்சுழற்சி வில்லையினுட் சென்று கண்ணாடிகளை முன்னும் பின்னும் நகர்த்தியது. திருகாணி முடுக்குவது போன்ற ஓசை அம்முறைக்கு இயல்பு. வேறு சில வில்லைகள் தம் வயிற்றினுள்ளேயே சிறு மோட்டரையும் பற்சில்லுகளையும் கொண்டவை. விலை மலிந்தவை, வண்டு போல் இரைபவை. 1987இல் கனன் நிறுவனத்தார் 300 மில்லிமீற்றர் வில்லையொன்றில் முதன்முதலாக மீயொலி மோட்டரைப் பொருத்தினர். மின்சாரம் பட்டால் நுண்ணிதாக நெளியும் ஒருவகைப் பீங்கானே அதன் உயிர். அந்நெளிவு வினாடிக்கு 20,000 தடவைக்கு மேல் நிகழ்வதால் நம் செவிக்கு எட்டுவதில்லை. நாயின் செவிக்கு எட்டுமாம். எங்கள் வீட்டு நாய் இதுபற்றி எவ்வித முறைப்பாடும் செய்ததில்லை.

ஆகவே, ஓசையைக் கொண்டு நோயைத் தீர்மானிக்குமுன் இனத்தை அறிதல் வேண்டும். முதலிரு வகைகளும் இரைவது இயல்பு. மூன்றாம் வகை கீச்சிட்டால் அதை விலைபேசாது விட்டு வருதல் நன்று. இரையும் இனத்திலும், சீரான இரைச்சல் அஞ்சத்தக்கதன்று. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் 'டக்' என்று தடுமாறுமாயின் பற்சில்லில் ஒரு பல் உடைந்திருக்கலாம். மணல் அரைபடுவது போன்ற ஒலி, முன்னைய சொந்தக்காரர் கடற்கரையில் உலாவியவர் என்பதைக் காட்டிக்கொடுக்கும். மங்கலான அறையில் முன்னும் பின்னும் ஓடி நிலைகொள்ளாது அலையுமாயின், அது வில்லையின் குற்றமேயன்று. யன்னலைத் திறந்தாற் குணமாகும்.

நம்மவரிடம் எல்லா ஓசைக்கும் ஒரே மருந்துண்டு: தையல் மெசின் எண்ணெய். தயவுசெய்து அதனை வில்லையின் பக்கம் கொண்டுவராதீர்கள். எண்ணெய் மெல்ல ஊர்ந்து துவாரத் தகடுகளிற் படியும். தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பின்னர் இரைச்சலும் இராது, படமும் இராது.

என் வில்லை சீராகவே இரைந்தது. கடைக்காரர் உண்மையே உரைத்திருந்தார். ஆயினும் நோயில்லை என்பதனால் தொல்லையில்லை என்று ஆகிவிடாதே!

என் தாயாருக்கு வயது 79. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, யாழ்ப்பாணத்தை விட்டு மழையிலே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நாங்கள் நடந்த கதையை, வெளிநாட்டிலுள்ள பேரப்பிள்ளைகளுக்குத் தம் வாயாற் சொல்லிவைக்க அவர் விரும்பினார். அண்மைக் காலமாக ஊர்ப் பெயர்களும் ஆட்பெயர்களும் அவர் நினைவினின்று ஒவ்வொன்றாய் நழுவுகின்றன. ஆதலின் இது நாளைக்கென்று ஒத்திவைக்கத்தக்க காரியமன்று.

கமராவிலுள்ள ஒலிவாங்கி வில்லைக்கு நாலு விரற்கடைத் தூரத்தில் இருக்கிறது. தாயாரோ ஆறடிக்கு அப்பால். அவர் சற்று அசையுந்தோறும் வில்லை குவியந் தேடி இரைந்தது. குரல் தாழ்ந்த இடங்களில் இரைச்சலே ஓங்கிற்று. கதை பாலத்தடியை அடைந்தபோது அவர் நிறுத்தி, "உந்தப் பெட்டி ஏன் தம்பி முனகுது?" என்றார். விட்ட இடத்திலிருந்து அன்று அவராலே தொடர முடியவில்லை.

மறுநாட் காலை, கதிரையைச் சுவரோடு சேர்த்துப் போட்டேன். அவர் கண்களுக்குக் குவியம் பிடித்ததும், வில்லையிலுள்ள ஆளியைக் கைம்முறைக்கு மாற்றிவிட்டேன். இனி அது இரையாது. துவார எண்ணை 5.6 ஆக்கினேன், அவர் சிறிது முன்சாய்ந்தாலும் முகம் மங்காதிருக்க அஃது உதவும். குரலைப் பதியக் கைத்தொலைபேசியை அவர் பக்கத்து வெற்றிலைத் தட்டின் மறைவில் வைத்தேன். தொடங்குமுன் ஒருமுறை கை தட்டினேன். அவ்வொலியைக் கொண்டு படத்தையும் குரலையும் பின்னர் பொருத்திக்கொள்ளலாம்.

"ஏன் இப்பவே கை தட்டுறாய்? நான் இன்னும் தொடங்கேல்லையே" என்றார் அம்மா.

அன்று 40 நிமிடம் பேசினார். பாலத்தையும் கடந்தார். எங்களோடு நடந்து வந்த அயலவர் இருவரின் பெயர்களை நான் மறந்திருந்தேன், அவர் மறக்கவில்லை.

வில்லையை இப்பொழுது கல்லூரி மாணவர்கள் இல்ல விளையாட்டுப் போட்டியைப் படம்பிடிக்க வாங்கிச் சென்றிருக்கிறார்கள். பாண்டு வாத்தியமும் ஒலிபெருக்கியும் முழங்கும் மைதானத்தில், அது எவ்வளவு வேண்டுமாயினும் இரையட்டும்.