‘மாமா’ என்றால் அப்பா! - ஜார்ஜியாவில் ஒரு புதுக்கோட்டை மாணவியின் கோடை விடுமுறை

ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசி. ஒரு மருத்துவமனையின் இதய நோய் வார்டு. கட்டிலில் 48 வயது டாக்ஸி டிரைவர். எதிரே கையில் நோட்டுடன், மருத்துவப் படிப்பில் நான்காம் ஆண்டு முடித்த புதுக்கோட்டைப் பெண்.

‘வீட்டில் யாருக்காவது இதயக் கோளாறு உண்டா?’ என்று தனக்குத் தெரிந்த அரைகுறை ஜார்ஜிய மொழியில் கேட்டாள். அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, “மாமா... மாமா” என்றார். ‘தாய்மாமனுக்கு இதய நோய்’ என்று எழுதிக்கொண்டாள்.

நோட்டைப் பார்த்த சீனியர் டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எங்கள் ஊரில் ‘மாமா’ என்றால் அப்பா. அம்மாவுக்குத்தான் ‘தேதா’.” அடுத்த நொடியே முகம் மாறியது. “அப்பாவுக்கு எந்த வயதில் வந்தது என்று கேட்டாயா?”

கேட்கவில்லை. அப்பாவுக்கு 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்திருந்தால் பிள்ளைக்கும் ஆபத்து அதிகம் என்பது புத்தகத்தில் அவள் அடிக்கோடிட்டுப் படித்த வரி. ஆனால், ஒரு வார்த்தை புரியாததால் அந்தக் கேள்வியே அவளுக்குத் தோன்றவில்லை. திரும்பிப் போய்க் கேட்டாள். 51 வயதில் இறந்திருக்கிறார்.

உண்மையில் அந்த ஜூலை மாதம் அவள் திபிலிசியில் இருந்திருக்கவே கூடாது. ஊரில் இருந்திருக்க வேண்டும்.

அப்பா கொடுத்த அட்வான்ஸ்

அவள் ஊருக்கு வந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. அப்பத்தாவுக்கு உடம்பு முடியவில்லை. ‘பேத்தியைக் கண்ணுல காட்டுங்கடா’ என்று தினமும் ஒரே பாட்டு. அந்த நேரத்தில்தான் ஏஜென்ட் ஒருவர் அப்பாவிடம் ஒரு யோசனை சொன்னார். கோடை விடுமுறையில் செய்யவேண்டிய வார்டு பயிற்சியை ஊரிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் முடிக்கலாம். சான்றிதழை அங்கே கொடுத்தால் போதும். எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் அப்பா, மகளை வீட்டில் பார்க்கும் சந்தோஷத்தில் 10,000 ரூபாய் அட்வான்ஸே கொடுத்துவிட்டார்.

அவளுக்கும் ஆசைதான். ஆனால் டிக்கெட் போடுவதற்கு முன்னால், தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகளை எடுத்துப் படித்தாள். வெளிநாட்டில் மருத்துவம் படிப்பவர்கள் குறைந்தது 54 மாதப் படிப்பையும், 12 மாத இன்டர்ன்ஷிப்பையும் அதே வெளிநாட்டுக் கல்லூரியில் முடிக்க வேண்டும். பயிற்சியின் எந்தப் பகுதியையும் இந்தியாவிலோ, வேறொரு நாட்டிலோ செய்யக் கூடாது. இரண்டு மாதச் சான்றிதழுக்காக ஆறு வருடப் படிப்பே கேள்விக்குள்ளாகலாம்.

“அப்பா, இது வேணாம்ப்பா. நான் இங்கேயே இருந்து பண்றேன்.”

“அப்பத்தாகிட்ட நான் என்ன பாப்பா சொல்றது?”

அவளிடம் பதில் இல்லை. போனின் இரு பக்கமும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி அப்பா ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதுதான் அவளை அதிகம் அழவைத்தது.

வேனில் கிடைத்த வகுப்பு

பாடம் ஆங்கிலத்தில், நோயாளிகள் பேசுவதோ ஜார்ஜிய மொழியில். 33 எழுத்துகளையும் முதல் வருடமே படித்துவிட்டாள். ஆனாலும் ‘ஸாத் க்ட்கிவாத்?’ (எங்கே வலிக்கிறது?) என்று கேட்டுவிட்டு, பதில் புரியாமல் விழிப்பதே வழக்கமாக இருந்தது.

‘மாமா’ சம்பவத்துக்கு மறுவாரம், ஞாயிற்றுக்கிழமை தோழிகள் காஸ்பெகி மலைக்குக் கிளம்பினார்கள். மனசு சரியில்லை என்று முதலில் மறுத்தவள், கடைசி நேரத்தில் புளியோதரை டப்பாவுடன் ஏறிக்கொண்டாள். டிடுபே நிலையத்திலிருந்து ‘மர்ஷ்ருட்கா’ என்ற வேனில் ஏறினால் சுமார் மூன்று மணி நேரம்.

பக்கத்து சீட்டில் ஒரு பாட்டி. முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். அவள் தயங்கித் தயங்கி, “ஸாத் க்ட்கிவாத்?” என்றாள். அவ்வளவுதான், பாட்டி கொட்டித் தீர்த்துவிட்டார்! எப்போது வலிக்கும், படி ஏறினாலா, காலையில் எழுந்ததுமா... வார்டில் கேட்கக் கூச்சப்பட்ட கேள்விகளையெல்லாம் வேனில் கேட்டாள். புரியாத வார்த்தைக்குப் பாட்டி கையாலேயே நடித்துக் காட்டினார். இறங்கும்போது, “ஷ்விலோ” என்று கன்னத்தைத் தடவினார். ‘குழந்தே’ என்று அர்த்தம். அப்பத்தாவின் கை ஞாபகம் வந்தது.

2,170 மீட்டர் உயரத்தில் கெர்கெட்டி தேவாலயம். பின்னால் பனி மூடிய காஸ்பெக் சிகரம். தோழிகள் ரீல்ஸ் எடுத்தார்கள். அவள் நோட்டில் 14 புது வார்த்தைகளை எழுதிக்கொண்டாள்.

சேர்ப்பதற்கு முன் கேளுங்கள்

வெளிநாட்டில் மருத்துவம் என்றதும் கட்டணம், ஹாஸ்டல், இந்தியச் சாப்பாடு பற்றித்தான் பெரும்பாலான பெற்றோர் கேட்கிறார்கள். எந்த மருத்துவமனையில் பயிற்சி, எந்த வருடத்திலிருந்து வார்டு, மாணவர்கள் நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்க முடியுமா, உள்ளூர் மொழி கற்றுத் தருகிறார்களா என்பதையும் கேட்க வேண்டும். திரும்பி வந்தபின் 300 கேள்விகள் கொண்ட எஃப்.எம்.ஜி.இ தேர்வில் 150 மதிப்பெண் எடுக்க வேண்டும். எழுதுபவர்களில் பெரும்பாலோர் தேறுவதில்லை. தேறினாலும் இங்கே ஓராண்டு பயிற்சி உண்டு. வார்டில் நிற்காமல் கழித்த நாட்கள் அப்போதுதான் உறைக்கும்.

அன்று இரவு ஊருக்கு வீடியோ கால் போட்டாள். அப்பத்தா தலையணையில் சாய்ந்தபடி, “எப்படி ஆத்தா இருக்க?” என்றார்.

“நல்லாருக்கேன் அப்பத்தா. உனக்கு எங்க வலிக்குது, சொல்லு.”

அப்பத்தா சொல்ல ஆரம்பித்தார். எப்போதிருந்து, எந்த நேரத்தில், மூச்சு வாங்குகிறதா, கால் வீங்குகிறதா... அவள் விடாமல் கேட்டாள். வீக்கம் என்றதும், “அப்பா, நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. இதை அப்படியே சொல்லுங்க” என்றாள்.

அப்பா ஒரு பேனாவைத் தேடி எடுத்து எழுதிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அங்க அப்பாவ மாமான்னா, மாமாவ என்னன்னு சொல்லுவாங்க பாப்பா?”

பல நாட்களுக்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.