கிளார்க்கும் எங்கள் கடலும்

ஆர்தர் சி. கிளார்க் என்றதும் நம்மில் பலருக்கு விண்வெளிதான் நினைவுக்கு வரும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக 1979 முதல் 2002 வரை இருந்தவர் என்பதைச் சிலர் சொல்வார்கள். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வளர்ந்த எனக்கோ அவரென்றால் முதலில் கடல்தான். இந்தத் தீவுக்கு அவரை இழுத்து வந்ததும் அதுதான். 1954இல் அவுஸ்திரேலியப் பவளத்திட்டுகளைப் பார்க்கப் புறப்பட்டவரின் கப்பல் வழியில் கொழும்பில் தரித்தது. 1956இல் இங்கேயே குடிவந்துவிட்டார்.

அதே ஆண்டு அவரும் நண்பர் மைக் வில்சனும் எங்கள் சுவாமி மலையின் அடியில் சுழியோடினார்கள். 1622இல் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் கடலடியில் கிடந்தன. அடுத்த ஆண்டு வெளிவந்த 'த ரீஃப்ஸ் ஒஃப் தப்ரபேன்' என்ற நூலில் கிளார்க் அதை உலகுக்குச் சொன்னார்.

1961இல் இன்னொரு கண்டெடுப்பு. தென்கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள கிரேட் பாசஸ் பாறைத்தொடரில், மூழ்கிய கப்பலொன்றின் வெள்ளிக்காசுகள் வில்சனுக்கும் உடன்சென்ற இரு அமெரிக்கச் சிறுவர்களுக்கும் அகப்பட்டன. சூரத்தில் அடிக்கப்பட்ட ஔரங்கசீப்பின் ரூபாய்கள் அவை. ஹிஜ்ரி 1113 என்ற ஆண்டு அவற்றில் பதிந்திருந்தது.

1962இல் கிளார்க்கின் உடல் செயலிழந்தது. தலையில் பட்ட அடியால் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டதாக முதலில் எண்ணினார்கள். போலியோ என்று பின்னர்தான் தெரிந்தது.

போலியோக் கிருமி, தசைகளை இயக்கும் முண்ணாண் நரம்புக் கலங்களைக் கொல்கிறது. தப்பிப் பிழைத்த கலங்கள் புதுக் கிளை விட்டு, அநாதையான தசைநார்களையும் தாமே பொறுப்பேற்கின்றன. நோயாளி எழுந்து நடக்கிறார். பல ஆண்டுகள் சென்றபின், மேலதிகப் பாரம் சுமந்த அந்தக் கலங்கள் களைத்து ஓயத் தொடங்குகின்றன. கிளார்க்குக்கு இது நேர்ந்திருப்பது 1988இல் உறுதியானது. அதன்பின் பெரும்பாலும் சக்கர நாற்காலிதான்.

இந்த விளக்கத்தை வாசித்தபோது எங்கள் ஊர்ப் பெண்கள் என் நினைவில் வந்தார்கள். போரில் ஆண்களை இழந்த வீடுகளில் வாப்பாவின் பாரத்தையும் காக்காவின் பாரத்தையும் ஒருத்தியாகச் சுமந்து நிமிர்ந்தவர்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று மற்றவர்கள் சொல்லத் தொடங்கிய பிறகே அவர்களில் பலர் படுக்கையில் விழுந்தார்கள்.

நிலத்தில் பிறர் தோளைப் பிடித்த கிளார்க் நீருக்குள் தனித்தியங்கினார். அங்கே தமக்கு எந்தக் குறையுமில்லை என்பார். கடல் அவர் உடலைத் தாங்கிக்கொண்டது.

எங்களுக்கு அந்தக் கடல் அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை. யுத்த காலத்தில் தோணி இறக்க அனுமதி வேண்டியிருந்தது. இரவில் போக முடியாது. வாப்பாவின் வலை மாதக்கணக்கில் முற்றத்தில் கிடந்து காய்ந்தது. ஆனாலும் 1990களில், பிள்ளைகளுக்குப் போலியோச் சொட்டு மருந்து கொடுப்பதற்காக இருதரப்பும் துப்பாக்கிகளைக் கீழே வைத்த நாட்களும் இருந்தன. இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993இல். ஒரு நோயை விரட்டுவதற்காக நிறுத்தக்கூடிய யுத்தத்தை அந்த ஊமை நாட்களுக்கு அப்பாலும் நிறுத்த ஏன் முடியவில்லை என்று உம்மா கேட்பார். எவரிடமும் பதில் இருக்கவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று ஹிக்கடுவையிலிருந்த கிளார்க்கின் சுழியோடும் நிலையத்தைக் கடல் அழித்தது. இங்கே கிண்ணியாவில் வைத்தியசாலைக்குள்ளும் அது புகுந்தது. அவர் நேசித்த கடலும் எங்களுக்குச் சோறு போட்ட கடலும் அன்று ஒரே முகம் காட்டின.

2007 டிசம்பரில் தொண்ணூறாவது பிறந்தநாளன்று அவர் மூன்று ஆசைகளைச் சொன்னார். வேற்றுலக உயிர்களுக்குச் சான்று கிடைக்க வேண்டும். உலகம் எண்ணெயை நம்பியிருப்பது ஒழிய வேண்டும். இலங்கையில் நிலையான சமாதானம் வர வேண்டும். நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் பட்டியலில் எங்கள் மண்ணும் இருந்தது.

2008 மார்ச் 19 அன்று அவர் காலமானார். அடுத்த ஆண்டு மே மாதம் யுத்தம் முடிந்தது. தோணிகள் மீண்டும் இரவுக் கடலுக்குப் போகின்றன. ஆனால் வெடிச்சத்தம் ஓய்ந்ததோடு எல்லாம் முடிந்துவிட்டதென்று சொல்பவர்களுக்கு, கிளார்க்கின் நரம்புகளைப் பற்றி நான் சொல்வதுண்டு. சுமந்தவர்களின் களைப்பு பிந்தித்தான் வரும். அப்போது அவர்களைத் தாங்க ஒரு கடலாவது வேண்டும்.