எண்ணித் தைத்த பூ

கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே விரிந்து கிடக்கிறது சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த இப்பகுதியில் மலையாளிப் பழங்குடியினரே மிகுதி. தாண்டா எனப்படும் தனிக்குடியிருப்புகளில் லம்பாடி மக்களும் வாழ்கின்றனர். அங்கொரு தொடக்கப்பள்ளியில் நான் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்து நிகழ்ச்சி இது.

இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, படத்திலிருந்த தண்ணீரைக் காட்டிப் 'பாணி' என்றாள். வகுப்பே சிரித்தது. "தமிழில் சொல்" என்று அவளைத் திருத்தினேன். சிரித்தவர்களை ஒன்றும் சொல்லவில்லை. அன்றுமுதல் அவள் பேச்சு நின்றுபோயிற்று. விடை தெரிந்தபோதும் தலைகுனிந்தே இருந்தாள்.

மனம் பொறாமல் ஒருநாள் தாண்டாவுக்குச் சென்றேன். திண்ணையில் அவளுடைய பாட்டி தைத்துக்கொண்டிருந்தார். உப்பும் தானியமும் மாட்டின்மேல் ஏற்றி ஊர் ஊராகச் சென்ற வணிகர் மரபினர் லம்பாடிகள். அவர்தம் பூத்தையற்கலை, இப்பள்ளத்தாக்கில் இரு தலைமுறைகளாகக் கைவிடப்பட்டிருந்தது. நினைவில் வைத்திருந்த மூதாட்டியர் சிலரிடம் கற்றுப் பெண்கள் அதனை மீட்டனர். தம் அமைப்புக்கு அவர்கள் இட்ட பெயர் 'போர்கை'. அவர்கள் மொழியில் அதற்குப் 'பெருமிதம்' என்று பொருள். அச்சொல் என்னைச் சுட்டது.

"பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டும் அம்மா" என்றேன்.

"கையெழுத்துப் போடத் தெரியாதவள் பள்ளிக்கூடத்தில் எதைச் சொல்லித்தருவேன் ஐயா?" என்றார். எனினும் வந்தார்; தம் தாயார் உடுத்திய பழைய பாவாடையையும் கொண்டுவந்தார். கண்ணாடிச் சில்லுகளும் சோழிகளும் பதித்த அப்பாவாடையைப் பிள்ளைகள் வியப்புடன் தொட்டுப் பார்த்தனர். துணியில் கோடு எதுவும் வரையாமல், நெசவின் இழைகளை எண்ணி எண்ணி ஊசியைச் செலுத்தினார் பாட்டி. வாய் தம் மொழியில் எண்ணியது. திடீரென்று இன்னொரு குரலும் சேர்ந்து எண்ணியது. பல நாள் பேசாதிருந்த பேத்தியின் குரல்!

மற்றப் பிள்ளைகளும் அவ்வெண்களைச் சொல்லிப் பார்த்தனர், நாக்குத் தடுமாறியது. அவள் சிரித்துக்கொண்டே ஒவ்வொருவரையும் திருத்தினாள். நான் கரும்பலகையில் 'தண்ணீர்' என்றெழுதி, அருகே எதை எழுதுவது என்று அவளையே கேட்டேன். சற்றுத் தயங்கியவள், உரத்த குரலில் "பாணி!" என்றாள். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம், மலையாளிச் சிறுவர்கள் தம் தாத்தாக்களின் சாமைக் கதிரையும் தினைக் கதிரையும் வகுப்புக்கு ஏந்தி வந்தனர். அவ்வாண்டு நான் கற்பித்தவற்றைவிடக் கற்றுக்கொண்டவையே மிகுதி.