கடனில் பிறந்த சொற்கள்

மாட்ரிட் நகரத்தில் ஸ்பானியர் சிலருக்கு நான் ஆங்கிலம் போதித்துவந்த காலத்தில், மாணவி ஒருத்தி, லண்டனில் தனக்கு இடமளித்திருந்த மூதாட்டி நோயுற்றாள் என்று கேள்விப்பட்டு, 'ஓய்வெடுத்துக்கொண்டால் நல்லது' என்னும் கருத்தில் எழுதிய கடிதத்தில் 'ஷுட்' வரவேண்டிய இடத்தில் 'மஸ்ட்' என்று எழுதிவிட, அவளுடைய அன்பான உபதேசம் ஓர் ஆக்ஞையாகப் போய்ச் சேர்ந்தது. தன் பாஷையில் 'தெபேர்' என்ற ஒரே வினைக்குள் அடங்குவது ஆங்கிலத்தில் ஏன் இத்தனை சொற்களாகச் சிதறிக் கிடக்கிறது என்று அவள் கண் கலங்கக் கேட்டபோது, இலக்கண விதிகளை ஒப்பிப்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லாமல் போனது எனக்குப் பெரும் வேதனையாயிற்று.

அந்த வேதனையே என்னை அகராதிகளிடம் அனுப்பியது. 1954 முதல் 1957 வரை வெளிவந்த கோரோமினாஸின் ஸ்பானியச் சொற்பிறப்பு அகராதியில் தொடங்கி லத்தீனுக்குச் சென்றால், 'தெபேர்' என்பதன் மூலமாகிய 'தெபேரே', 'இருந்து' என்னும் முன்னொட்டும் 'வைத்திரு' என்னும் வினையும் கூடிப் பிறந்தது தெரிகிறது. அதாவது, பிறருடைய பொருளைத் தன்னிடம் வைத்திருத்தல், கடன்பட்டிருத்தல். ஸ்பெயின் தேசத்துக் கத்தோலிக்கர் 1988 வரை தங்கள் ஜெபத்தில் பாவங்களைக் 'கடன்கள்' என்றே சொல்லி மன்னிப்பு வேண்டினர் என்பதும், அந்நாட்டுப் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கு இன்றும் 'தெபேரெஸ்' என்றே பெயர் என்பதும் அப்போது எனக்குப் புது அர்த்தம் பெற்றன.

ஆங்கிலத்தின் பக்கம் திரும்பினேன். 'ஷுட்' என்பது 'ஷல்' என்பதன் இறந்தகால வடிவம். அந்த 'ஷல்' பழைய ஆங்கிலத்தில் கடன்பட்டிருத்தலையே குறித்தது. 'ஷுட்' போலவே உபதேசத்துக்கு உதவும் 'ஆட்' என்பதோ, இன்றும் கடனைச் சொல்லும் 'ஓ' என்ற வினையின் இறந்தகாலம்! இரு பாஷைகளும் ஒரே கடன் பத்திரத்திலிருந்து புறப்பட்டிருக்கின்றன. அது மட்டுமன்று, 'தெபேர்' வினையின் நிகழ்கால வடிவமான 'தேபெஸ்' என்பதன் கண்டிப்பைத் தணிக்க ஸ்பானியன் 'தெபெரீயாஸ்' என்று வினையை நிகழ்காலத்தினின்று விலக்கி நிறுத்துவதும், ஆங்கிலேயன் 'ஷல்' என்பதை 'ஷுட்' ஆக்கியதும் ஒரே உபாயமே.

'மஸ்ட்' ஒன்றுதான் வழி மாறிய பிள்ளை. அதுவும் பிறப்பால் இறந்தகால வடிவமே. ஆனால் ஆதியில் அது அனுமதியைக் குறித்த வினையினின்று வந்தது. அனுமதி நிர்ப்பந்தமாக முதிர்ந்தபோது, இறந்தகால வடிவம் தரவேண்டிய மென்மை அதனிடம் தங்கவில்லை. என் மாணவி இடறிய இடம் இதுதான். அது அவளுடைய அசிரத்தையால் நேர்ந்ததன்று.

கடன் என்ற ஒரே சொல்லால் பெற்ற பணத்தையும் ஆற்றவேண்டிய தர்மத்தையும் குறிக்கும் தமிழனுக்கு, பிள்ளையை ஈன்று வளர்ப்பதைத் தாயின் கடன் என்று பாடும் பொன்முடியாரின் புறநானூற்றுப் பாட்டை அறிந்தவனுக்கு, இந்த உறவு விளங்கச் சிரமமே இல்லை. ஸ்பானியருக்கு ஆங்கிலம் போதிக்கும் ஆசிரியர்களே, விதிகளின் பட்டியலைக் கையில் கொடுக்குமுன், 'தெபெரீயாஸ்' என்பதையும் 'ஷுட்' என்பதையும் பலகையில் அருகருகே எழுதிக் காட்டுங்கள்.