ஓரம் மறைந்த செல்

வெள்ளைப்படுதல் கேஸ் ஸ்வாப் வந்துவிட்டால் லேப்பில் சீனியர் அக்கா மற்ற வேலையை ஒதுக்கிவிடுவார். "சுகர், யூரியாவெல்லாம் கொஞ்சம் காத்திருக்கும். இது ஆறிப்போச்சுன்னா அவ்வளவுதான்ம்மா."

ஒரு சொட்டு சலைனில் ஸ்வாப்பைக் கலக்கி, கவர்ஸ்லிப் போட்டு, கண்டென்சரை இறக்கிப் பார்க்க வேண்டும். ட்ரைக்கோமோனாஸ் ஒட்டுண்ணி இருந்தால் வெட்டி வெட்டித் துடிக்கும். 1836-இல் பாரிஸில் ஆல்ஃபிரட் டோனே கண்டதும் இந்தத் துடிப்பைத்தான். துடிப்பு அடங்கிவிட்டால் அதையும் சீழ் செல்லையும் பிரித்துச் சொல்வது பெரும்பாடு. அளவு ஏறக்குறைய ஒன்றே.

அடுத்த ஸ்லைடுக்கு 10 சதவீத கே.ஓ.ஹெச். மற்ற செல்கள் கரைந்துபோக, கேண்டிடா பூஞ்சையின் மொட்டும் இழையும் பளிச்சென்று நிற்கும். சொட்டு விட்டதும் மீன்வாடை கிளம்பினால் பாக்டீரியல் வஜினோசிஸ் மீது சந்தேகம். மீன் சாப்பிடாத வீட்டில் வளர்ந்த என் தோழிக்கு இந்தப் பாடம் மட்டும் தாமதமாகத்தான் ஏறியது.

என்னை அதிகம் படுத்தியது க்ளூ செல். நல்ல எபிதீலியல் செல்லின் விளிம்பு தெளிவாக இருக்கும். க்ளூ செல்லோ, ரவையில் புரட்டிய வாழைக்காய்த் துண்டு மாதிரி, பாக்டீரியா அப்பி ஓரமே தெரியாது. நடுவில் நாலு புள்ளி இருந்தால் செல்லாது. "ஓரத்தைப் பாரு, ஓரத்தைப் பாரு" என்று அக்கா பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஆம்செல் 1983-இல் வகுத்த முறைப்படி, எபிதீலியல் செல்களில் நூற்றுக்கு 20-க்கு மேல் இப்படி இருப்பது ஒரு அடையாளம். அதோடு பிஹெச் 4.5-ஐத் தாண்டுவது, மீன்வாடை, சீரான மெல்லிய கசிவு: நான்கில் மூன்று சேர்ந்தால் வஜினோசிஸ்.

கிராம் ஸ்டெயினில் வஜினோசிஸுக்கு நியூஜென்ட் மார்க் போட வேண்டும். லாக்டோபாசில்லஸின் தடித்த ஊதாக் குச்சிகள் குறையக் குறைய மார்க் ஏறும். 7 முதல் 10 வரை நோய். 4 முதல் 6 வரைதான் இழுபறி. எப்படியாவது ஒரு பக்கம் சாய்த்துவிடக் கை துறுதுறுக்கும். அக்கா விடமாட்டார்: "டாக்டர் உன் தீர்ப்பைக் கேக்கல. பாத்ததை எழுது."

எழுதுவதைப் பொறுத்து மருந்து மாறும். ட்ரைக்கோமோனாஸ் என்றால் கணவருக்கும் மாத்திரை உண்டு. லேப் வசதி இல்லாத இடங்களில் அறிகுறியை வைத்தே செக்னிடசோலும் ஃப்ளூகோனசோலும் சேர்ந்த பச்சை கிட்டைக் கொடுத்துவிடுகிறார்கள், வேறு வழியில்லை.

மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கிவிட்டு வரும் சிலரின் ஸ்லைடில் சுத்தமான செல்களும் குச்சிகளும் மட்டுமே இருக்கும். எனக்கு அதிக நேரம் பிடிப்பது அதுதான். ஒன்றைக் கண்டுபிடித்தால் அங்கேயே நிறுத்தலாம்; நார்மல் என்று எழுத மூலை மூலையாக ஸ்லைடைச் சுற்றி வர வேண்டியிருக்கிறது.