எத்தனாவது லெவல்?

சனிக்கிழமை சாயங்காலம் பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் ரயிலில் வந்து இறங்கி, வீட்டுக்குள் நுழைந்தேன். அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை. போனை மூக்குக்கு அருகில் பிடித்தபடி செஸ் ஆடிக்கொண்டிருந்தார்.

“எத்தனாவது லெவல்பா?”

“நாலு. ஜெயிக்கப் போறேன்.”

சொன்னபடி ஜெயித்தார். ஆனால் போனைக் கீழே வைத்தபோது முகத்தில் சந்தோஷம் இல்லை.

“பாப்பா, இது அதுவரைக்கும் ஒரு தப்பும் பண்ணல. திடீர்னு யானையைக் கொண்டுவந்து என் சிப்பாய் வாயில வச்சுது. எனக்காக வேணும்னே தோத்துதா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வி என்னைப் பல வாரம் அலைக்கழித்தது.

கோலார் தங்கவயலில் பிறந்தவர்களுக்கு லெவல் என்பது விளையாட்டுச் சொல் அல்ல. செங்குத்தாகக் கீழே இறங்கும் ஷாஃப்டிலிருந்து சுமார் 100 அடிக்கு ஒன்றாகப் பக்கவாட்டில் வெட்டிச் செல்லும் பாதைக்கு இங்கே லெவல் என்று பெயர். எண் கூடக் கூட ஆழம் கூடும், சூடு கூடும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அங்கே பாறையே சுடும். அப்பா எத்தனாவது லெவலில் இறங்கியிருக்கிறார் என்று தெரிந்தால், அன்றைக்கு அம்மா எவ்வளவு நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அப்பாவோடு செஸ் ஆடியவர்களில் சிலர் பிள்ளைகளோடு பெங்களூருக்குப் போனார்கள், சிலர் காலமானார்கள். எதிரே உட்கார ஆள் இல்லாமல் பலகை பல வருடம் பரண்மேல் கிடந்தது. போனில் செஸ்ஸை நான்தான் போட்டுக்கொடுத்தேன். வேண்டிய பலத்தில் எதிராளி, வேண்டிய நேரத்தில் கிடைக்கிறான் என்று மகிழ்ந்திருந்தேன். அந்த எதிராளி நேர்மையானவன்தானா என்று நான் கேட்டுப் பார்த்ததில்லை.

இயந்திரத்துக்கு முதன்முதலில் லெவல் வைத்தது யார்? அங்கிருந்து தொடங்கினேன்.

கடையில் வாங்கக் கிடைத்த முதல் செஸ் இயந்திரம் 1977இல் அமெரிக்காவில் ஃபிடெலிட்டி எலக்ட்ரானிக்ஸ் விற்ற ‘செஸ் சேலஞ்சர்’. அதில் ஒரே பலம்தான். அடுத்து வந்த மாதிரியின் பெயர் ‘செஸ் சேலஞ்சர் 3’. அதில் மூன்று லெவல். அதற்கடுத்து ‘10’, அதில் பத்து. எத்தனை லெவல் என்பதையே பெயராக்கி விற்றிருக்கிறார்கள். என்றும் தோற்கடிக்கிற பெட்டியையும் என்றும் தோற்கிற பெட்டியையும் யாரும் இரண்டாம் மாதம் தொடமாட்டார்கள் என்று அவர்கள் அதற்குள் கண்டுகொண்டிருந்தார்கள்.

ஆனால் அதற்கும் முந்தைய தடம் ஒன்று கிடைத்தது. 1976 டிசம்பரில் கனடாவின் பீட்டர் ஜென்னிங்ஸ், ‘கிம்-1’ என்ற ஒற்றைப் பலகைக் கணினிக்காக எழுதி விற்ற ‘மைக்ரோசெஸ்’. மொத்த நினைவகம் சுமார் ஒரு கிலோபைட். இன்றைக்கு ஒரு சின்னப் படத்தைக்கூட அதில் அடைக்க முடியாது. அதற்குள் ஓரிரண்டு எண்களை மாற்றினால் ஆட்டத்தின் பலம் மாறும். ஒரு நிலையில் சில நொடியில் காய் நகர்த்தும். இன்னொன்றில் ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் யோசிக்கும். ஆக, எனக்குக் கிடைத்ததில் பழைய லெவல் என்பது யோசிக்கக் கொடுத்த நேரம்தான்.

அந்த நேரத்தில் இயந்திரம் என்ன செய்கிறது என்பதைக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1950இல் வெளிவந்த கட்டுரையில் விளக்கிவிட்டார். ஒரு சாதாரண நிலையில் சுமார் 30 நகர்த்தல்கள் சாத்தியம். ஒவ்வொன்றுக்கும் எதிராளிக்குச் சுமார் 30 பதில்கள். வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று என்று பார்ப்பதற்குள் ஏறக்குறைய ஆயிரம் நிலைகள். அடுத்த ஜோடிக்குப் பத்து லட்சம். இயந்திரம் எத்தனை நகர்த்தல் முன்னோக்கிப் பார்க்கிறதோ, அதற்குக் கணினிக்காரர்கள் வைத்த பெயர் ஆழம்.

இதைப் படித்ததும் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

“அப்பா, இதுலயும் லெவல்னா ஆழம்தான். நாலாவது லெவல்னா கொஞ்ச தூரம் இறங்கிட்டு மேல வந்துடும். கீழ என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது.”

“அப்படின்னா சரி. இறங்காதவனுக்குத் தங்கம் இருக்கிற ரீஃப் தெரியாது. அது தப்பு இல்ல” என்றார். கொஞ்சம் மௌனம். “ஆனா அந்த யானை? பக்கத்துல சிப்பாய் நிக்குது. அதைப் பார்க்க எதுக்கு ஆழம்?”

அவர் சொன்னது சரி. எந்த ஆழக்குறைவும் அந்த யானைக்குக் கணக்குச் சொல்லாது. நான் மறுபடி தேடினேன்.

அப்பாவின் போனில் இருக்கும் ஆட்டத்துக்கு உள்ளே ஓடுவது ஸ்டாக்ஃபிஷ். நார்வேக்காரரான டோர்ட் ரோம்ஸ்டாட் எழுதிய நிரலிலிருந்து இத்தாலிக்காரரான மார்கோ கோஸ்டால்பா 2008இல் தொடங்கியது. நிரல் முழுவதும் யாரும் படிக்கத் திறந்தே கிடக்கிறது. பலத்தைக் குறைக்கச் சொன்னால் அது ஆழத்தைக் குறைக்கிறது, அதோடு நிற்பதில்லை. நல்ல நகர்த்தல்களில் குறைந்தது நான்கை எடுத்து வைத்துக்கொள்கிறது. அவற்றின் மதிப்போடு குருட்டாம்போக்கில் ஓர் எண்ணைக் கலக்கிறது. லெவல் கீழே போகப் போக அந்தக் கலப்படம் கூடுகிறது. பிறகு கலப்படத்தில் முந்திய நகர்த்தலை ஆடுகிறது. முதல் தரமான நகர்த்தல் அதன் கையிலேயே இருக்கும். அதை விட்டுவிட்டு வேறொன்றை எடுக்கும்.

தற்செயலைக் கலக்கும் யோசனையும் ஷானன் கட்டுரையிலேயே இருக்கிறது. ஒருமுறை ஜெயித்தவர் அதே நகர்த்தல்களை மறுபடி ஆடி மறுபடி ஜெயித்துவிடக் கூடாது, அதற்காக ஏறக்குறையச் சமமான நகர்த்தல்களுக்குள் மாற்றி மாற்றி ஆடட்டும் என்று அவர் எழுதினார். சலிப்பைத் தவிர்க்கச் சொன்ன அதே தற்செயல், பின்னாளில் தோற்றுக்கொடுக்கும் வழியாகவும் ஆகிவிட்டது.

அடுத்த வாரம் ஊருக்குப் போனதும் இதை எதையும் குறைக்காமல் அப்பாவிடம் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். அவர் வெற்றிகளில் சில பறிபோகும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. “தெரியாம தப்பு பண்றவனோட ஆடலாம் பாப்பா. தெரிஞ்சே தப்பு பண்றவனோட எப்படி ஆடறது?”

மூன்றாவது வகை ஒன்று இருப்பதையும் சொன்னேன். 2020இல் டொரண்டோ, கார்னெல் பல்கலைக்கழகங்களையும் மைக்ரோசாஃப்டையும் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘மாயா’. சிறந்த நகர்த்தல் எது என்று அது தேடுவதே இல்லை. ஏராளமான மனித ஆட்டங்களைப் படித்து, இந்த நிலையில் மனிதர் எதை ஆடியிருப்பார் என்று கணிக்கிறது. 1100 தரப்புள்ளி ஆட்டக்காரர் முதல் 1900 வரை ஒன்பது மாதிரிகள். நம்மைப் போன்றவர்கள் தவறும் இடத்தில் அதுவும் தவறும்.

“இது தேவலாம்” என்று அப்பா ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் மனம் வேறெங்கோ போயிருந்தது. “எங்க மேஸ்திரிகிட்ட இந்தப் பிரச்சினையே வந்ததில்ல” என்றார்.

அப்பாவுக்கு செஸ் சொல்லிக்கொடுத்தவர், தொழிலாளர் வீடுகளின் வரிசையான லைனில் இரண்டு வீடு தள்ளி இருந்த ஒரு மேஸ்திரி. தட்டி வீட்டு வாசலில் பலகையை வைத்ததும் முதலில் தன் ராணியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாராம். அதற்குப் பிறகு ஒரு காயையும் விட்டுக்கொடுக்க மாட்டார். பையன் தேறத் தேற, ராணி திரும்பி வந்தது, அதற்குப் பதில் யானை பைக்குள் போனது, பிறகு குதிரை. பை காலியான அன்று அப்பாவுக்கு அவர் டீ வாங்கிக் கொடுத்தார். யார் எவ்வளவு இறங்கி வந்தார்கள் என்பது இருவர் கண்ணுக்கும் தெரிந்திருந்தது.

இதைக் கேட்டபோது, தேடலில் கண்டு, முக்கியமில்லை என்று ஒதுக்கிவைத்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. 1956இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் மேனியாக் என்ற கணினி செஸ் ஆடியது. திறன் போதாததால் 6க்கு 6 கட்டப் பலகை, மந்திரிகள் கிடையாது. ஒரு நகர்த்தலுக்குச் சுமார் 12 நிமிடம். அதோடு ஆட வந்த வலுவான ஆட்டக்காரர் மார்ட்டின் குருஸ்கல் தன் ராணியை எடுத்துவிட்டு உட்கார்ந்தார், ஜெயித்தார். செஸ் விளையாடப் பழகி ஒரு வாரமே ஆன ஒருவரை அடுத்து அந்தக் கணினி தோற்கடித்தது.

லெவலின் பிறப்பிடத்தை நான் பொத்தான்களில் தேடிக்கொண்டிருந்தேன். அதற்கு இருபது வருடம் முன்பே பலகையின் மறுபக்கத்தில் அது நடந்திருக்கிறது. குழந்தையாக இருந்த இயந்திரத்துக்காக ஒரு மனிதர் மேஸ்திரியைப் போல ராணியை எடுத்து வைத்திருக்கிறார். அந்தக் கடனை இயந்திரம் அதே முறையில் திருப்பித் தரலாமே.

போனில் காய்களை நம் விருப்பப்படி அடுக்கும் வசதி இருந்தது. ஸ்டாக்ஃபிஷ்ஷின் ராணியை எடுத்தேன். லெவலை உச்சத்துக்கு ஏற்றினேன். “இப்ப இது முழு ஆழத்துக்கும் இறங்கும்பா. ஒண்ணும் விட்டுக்கொடுக்காது” என்றேன்.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ராணியில்லாத அந்தப் படை ஒவ்வொரு சிப்பாயாகக் கறந்து, ஒரு மணி நேரத்தில் அவரைத் தோற்கடித்தது. இரண்டாவது ஆட்டத்திலும் தோற்றார்.

“ஒரு யானையையும் எடு” என்றார். குரலில் பழைய தெம்பு இருந்தது.

அடுத்த சில வாரங்கள் ராணியும் யானையும் இல்லாத எதிராளியோடு தினமும் ஆடினார். யானை சிப்பாய் வாயில் வந்து விழுந்தது என்று ஒரு நாளும் புகார் இல்லை. போன வியாழக்கிழமை, அலுவலகத்தில் இருந்தபோது அவரிடமிருந்து ஒரு வரி வந்தது.

‘பாப்பா, யானையைத் திருப்பி வச்சுட்டேன்.’